சாக்கடலைச் சாகடித்தது சாபமா, நாமா?



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு கொமெண்ட் போட வேண்டாம்.

ஜோர்தானில் தொழில் செய்யும் நம்மூர்ச் சகோதரர் ஒருவர் வெள்ளிக்கிழமை லீவில் மனைவி பிள்ளைகளோடு சாக்கடலுக்குப் போய் வந்திருக்கிறார். அம்மானில் இருந்து ஒரு மணித்தியாலப் பாதை. காலையில் போய் பொழுது படுவதற்குள் திரும்பிவிடலாம். சின்ன மகன் தண்ணீரில் மல்லாக்கப் படுத்திருக்கிறான், வாப்பா பக்கத்தில் நின்று அவன் கையைப் பிடித்திருக்கிறார், உம்மா அபாயாவோடு முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்கிறார். அவ்வளவுதான் படம். அதை அவர் முகநூலில் போட்டு இரண்டு நாள் ஆவதற்குள் நம்மூர் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

ஒரு கூட்டம் சொல்கிறது: அது லூத் நபியின் சமூகம் அழிந்த இடம், சாபத்துக்குரிய தண்ணீர், அதில் ஒரு புழு பூச்சிகூட வாழாது, இப்போது வற்றிக்கொண்டு போவதும் அல்லாஹ்வின் கோபத்தால்தான், அங்கே போய் குளித்து போட்டோ எடுக்கிறார்களே, நஊது பில்லாஹ்.

மற்றக் கூட்டம் சொல்கிறது: அதெல்லாம் சும்மா, தாராளமாகப் போங்கள், அந்தத் தண்ணீரில் யாரும் தாழமாட்டார்கள், நீச்சல் தெரியாவிட்டாலும் பயமில்லை, சின்னப் பிள்ளைகளைக் கூட விடலாம்.

எனக்கு இரண்டு கூட்டத்தோடும் பிணக்கு இருக்கிறது. பார்ப்பதற்கு எதிரும் புதிருமாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் நோய் ஒன்றுதான். மனிதன் செய்ய வேண்டியதையும், மனிதன் செய்து கெடுத்ததையும் மனிதனின் கணக்கில் எழுத மறுப்பது. ஒருவர் எல்லாவற்றையும் சாபத்தின் தலையில் போடுகிறார். மற்றவர் எல்லாவற்றையும் தண்ணீரின் தலையில் போடுகிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மௌலவி அல்ல. கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானம் படித்து வந்த ஒரு வாத்தியார். தண்டனை இறங்கிய இடங்களுக்குப் போவது பற்றி மார்க்கத்தில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். ஸமூது கூட்டத்தாரின் இடத்தைக் கடந்தபோது நபியவர்கள் தோழர்களை எச்சரித்த ஹதீஸ் எனக்கும் தெரியும். அதை மதிக்கிறேன். ஆனால் லூத் நபியின் சமூகம் அழிக்கப்பட்டதைச் சொல்லும் குர்ஆன் இந்த ஏரியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அந்த ஊர்கள் இதன் கரையில் இருந்தன என்பது தப்ஸீர் ஆசிரியர்களும் வரலாற்றாசிரியர்களும் சொல்லிவரும் கருத்து. அரபிகள் இதை 'பஹ்ர் லூத்' என்று அழைத்ததும் அதனால்தான். அந்தச் சகோதரர் போனது சரியா, பிழையா என்ற கேள்வியை அவரும் அவர் நம்பும் ஆலிமும் பார்த்துக்கொள்ளட்டும். என் பேச்சு அதன் பிறகு வரும் வசனத்தைப் பற்றியது. "அதனால்தான் அங்கே உயிர் இல்லை, அதனால்தான் அது வற்றுகிறது." இது மார்க்கமும் இல்லை, விஞ்ஞானமும் இல்லை.

அந்த ஏரி ஏன் உப்பு? ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் காரணம். உலகத்தில் தரையின் ஆகத் தாழ்ந்த இடம் அதன் கரை. கடல்மட்டத்தில் இருந்து 430 மீற்றருக்கும் கீழே. அம்மானில் இருந்து இறங்கும்போது வழியில் 'கடல்மட்டம்' என்று ஒரு பலகை வரும், அதைத் தாண்டியும் பாதை கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். அவ்வளவு தாழ்ந்த குழிக்குள் தண்ணீர் வர வழி இருக்கிறது, போக வழி இல்லை. வெயிலில் தண்ணீர் ஆவியாகப் போகிறது, அது கொண்டுவந்த உப்பு அங்கேயே தங்குகிறது. பல்லாயிரம் வருடம் இப்படியே நடந்தால் என்ன ஆகும்? நம் கடலில் ஒரு லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அங்கே சுமார் 340 கிராம். உப்பளத்தில் பாத்தி கட்டி நாம் சில கிழமைகளில் செய்வதை அங்கே இயற்கை தன்பாட்டில் செய்திருக்கிறது.

இப்படி உப்பு ஏரி உலகத்தில் அது ஒன்றுதானா? ஈரானில் உர்மியா ஏரி இருக்கிறது. ஜிபூட்டியில் அஸ்ஸால் ஏரி இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டாவில் பெரிய உப்பு ஏரி இருக்கிறது. அங்கெல்லாம் அழிந்த சமூகம் எது?

உயிர் இல்லை என்பதும் பிழை. மீன் இல்லை, பாசி படர்ந்து தெரிவதில்லை, உண்மை. ஆனால் அந்த உப்பிலும் வாழும் நுண்ணுயிர்கள் இருப்பதை 1930களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 1992இல் கடும் மழைக்குப் பிறகு மேல்தண்ணீரின் உப்பு கொஞ்சம் குறைந்ததும் அவை பெருகி ஏரியே செந்நிறமாக மாறியது. படைத்தவன் அந்த உப்புக்குள்ளும் உயிரை வைத்திருக்கிறான். அவன் வைத்த உயிரை இல்லை என்று சொல்லி, அதையும் அவன் பெயராலேயே சொல்கிறோம்.

இனி வற்றும் கதைக்கு வருவோம். இதுதான் எனக்கு ஆத்திரம் வரும் இடம்.

1930களில் அந்த ஏரியின் மேல்மட்டம் கடலுக்குக் கீழே சுமார் 390 மீற்றரில் இருந்தது. இன்று 430ஐத் தாண்டிக் கிடக்கிறது. இப்போது வருடத்துக்கு ஒரு மீற்றருக்கும் மேல் இறங்குகிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 1,000 சதுர கிலோமீற்றர் இருந்த பரப்பு இன்று சுமார் 600 ஆகிவிட்டது. கரையை ஒட்டிக் கட்டிய குளிப்பிடம் ஒன்றில் பின்னர் தண்ணீருக்குப் போக ஒரு கிலோமீற்றருக்கு மேல் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போக வேண்டி வந்தது. கட்டிடம் நகரவில்லை. கடல்தான் பின்வாங்கியது.

லூத் நபியின் காலம் எப்போது, இந்தச் சரிவு எப்போது? பல ஆயிரம் வருடம் கழித்து, சரியாக மனிதன் அணை கட்டிய பிறகு ஒரு சாபம் வேலை செய்யத் தொடங்குமா? கொஞ்சம் யோசியுங்கள்.

அந்த ஏரிக்கு உயிர்த்தண்ணீர் கொண்டுவந்தது ஜோர்தான் நதி. ஒரு காலத்தில் வருடத்துக்குச் சுமார் 1,300 மில்லியன் கனமீற்றர். இன்று அதில் பத்தில் ஒரு பங்குகூடப் போய்ச் சேர்வதில்லை. தண்ணீர் எங்கே போனது? கலிலேயா ஏரியில் இருந்து நதி வெளியே வரும் வாசலில் 1930களில் அணை வந்தது. 1964இல் இஸ்ரேல் பெரிய குழாய்களும் கால்வாய்களும் போட்டு அந்த ஏரித் தண்ணீரைத் தெற்கே கொண்டுபோனது. நதியில் வந்து சேரும் யர்மூக் ஆற்றில் சிரியா அணைகள் கட்டியது, ஜோர்தான் கால்வாய் வெட்டி வயல்களுக்குத் திருப்பியது. எஞ்சியதிலும் இரண்டு கரையிலும் உரத் தொழிற்சாலைகள் ஏரித் தண்ணீரை இறைத்துப் பாத்திகளில் காய வைத்துப் பொற்றாசு எடுக்கின்றன. ஏரியின் தென்பகுதி இன்று இயற்கையான ஏரியே அல்ல, முழுக்கக் காய்ச்சும் பாத்திகள். அங்கே எடுப்பது பொற்றாசியம் குளோரைட்டு. நம் வயல்காரர்கள் பண்டி உரம் என்று சொல்கிறார்களே, அதே சரக்கு.

தண்ணீர் இறங்க இறங்க இன்னொரு ஆபத்தும் வந்தது. உப்புத் தண்ணீர் பின்வாங்கிய இடத்தில் நிலத்தடி நன்னீர் புகுந்து, மண்ணுக்குள் புதைந்து கிடந்த உப்புப் படையைக் கரைக்கிறது. மேலே பார்த்தால் சாதாரணத் தரை, கீழே வெற்றிடம். ஒரு நாள் திடீரென்று நிலம் உள்ளே விழுகிறது. 1980களில் இருந்து ஆயிரக்கணக்கான குழிகள் இப்படி விழுந்துவிட்டன. பாதைகள் போயின, பேரீச்சந் தோட்டங்கள் போயின, குளிக்கும் கரைகளையே மூடினார்கள்.

இதில் எல்லாப் பக்கத்தாரும் எடுத்தார்கள், சரி. ஆனால் எல்லாரும் ஒரே அளவு எடுக்கவில்லை. ஜோர்தான் உலகத்திலேயே தண்ணீர் ஆகக் குறைந்த நாடுகளில் ஒன்று, அவர்கள் குடிக்கவும் விதைக்கவும் எடுத்தார்கள். மேற்குக் கரையின் பலஸ்தீனியர்களோ 1967க்குப் பிறகு அந்த நதியில் இருந்து தண்ணீர் எடுக்கும் வழியே இல்லாமல் இருக்கிறார்கள். ஜும்ஆவுக்குப் பிறகு பலஸ்தீனத்துக்காகக் கை உயர்த்தி துஆ கேட்கும் நாம், அவர்களின் நதியையும் ஏரியையும் யார் எடுத்தார்கள் என்ற கேள்வி வரும்போது "அது சாபம்" என்று சொல்லிக் கதையை முடித்துவிடுகிறோம். எடுத்தவனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு என்ன செய்ய முடியும்? அவனுடைய வழக்கில் நாமே அவனுக்கு விடுதலை எழுதிக் கொடுக்கிறோம்.

இது முதல் கூட்டத்துக்கு.

இரண்டாம் கூட்டத்துக்கும் பாக்கி வைக்கவில்லை. "யாரும் தாழமாட்டார்கள்" என்கிறீர்களே, அது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பித்தான் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம்.

மிதப்பது உண்மை. ஆக்கிமிடிசின் தத்துவம். நன்னீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ, அந்தத் தண்ணீர் ஒரு லீற்றர் சுமார் 1.24 கிலோ. நம் உடம்பின் அடர்த்தி நன்னீருக்குக் கிட்ட. ஆகவே உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீருக்கு மேலேயே நிற்கும். ஆனால் மேலுதைப்புக்கு எது தலை, எது கால் என்று தெரியாது. அது காலையும் தூக்கும். குப்புற விழுந்தவரின் காலையும் இடுப்பையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டால் முகம் எங்கே இருக்கும்? தண்ணீருக்குள். நிமிர்ந்து எழும்ப நிலத்தில் கால் ஊன்றப் பார்த்தால் கால் கீழே போகாது. இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்கள் மூச்சுத் திணறுவது இப்படித்தான். அதைவிட அந்தத் தண்ணீரை விழுங்குவது ஆபத்து. அதில் இருப்பது சோற்றுக்குப் போடும் உப்பு மட்டுமல்ல, மகனீசியமும் கல்சியமும் அள்ளிக் கொட்டியது போல இருக்கிறது. சில வாய் உள்ளே போனாலே இரத்தத்தில் உப்புகளின் சமநிலை குலைந்து இருதயத் துடிப்பே தடுமாறும், ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். அதனால்தான் அங்கே மல்லாந்து மட்டும் மிதக்கச் சொல்கிறார்கள். குப்புற நீந்தாதே, தண்ணீர் அடித்து விளையாடாதே, கண்ணில் பட்டால் தேய்க்காதே, உடனே வெளியே வந்து நன்னீரில் கழுவு, கால் மணித்தியாலத்துக்கு மேல் கிடக்காதே.

நம்மூர்ச் சகோதரர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார் பாருங்கள். அந்தப் படத்தில் மெச்ச வேண்டியது அது ஒன்று. இருநூறு கொமெண்டில் ஒருவரும் அதைக் காணவில்லை. ஒரு பக்கம் அவரின் ஈமானை அளந்தது, மறுபக்கம் கையை விடச் சொன்னது.

அந்த ஏரிக்கரையில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 2018 ஒக்டோபர் 25. ஜோர்தானின் பாடசாலை ஒன்று மாணவர்களைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு சாக்கடல் பகுதிக்குப் போனது. மலைப்பக்கம் அடைமழை. வெந்நீர் ஊற்றுகள் இருக்கும் ஒரு பள்ளத்தாக்கால் வெள்ளம் திடீரென்று இறங்கியது. 21 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் பிள்ளைகள். பாடசாலைப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் ஒரு வாத்தியாராக அந்தச் செய்தியை வாசித்த இரவை நான் மறக்கவில்லை.

அந்த மக்களும் முஸ்லிம்கள்தான். இன்னாலில்லாஹி சொன்னார்கள், ஜனாஸாத் தொழுதார்கள், அழுதார்கள். சாபம் பிடித்த இடம், அங்கே போனதால் வந்தது என்று சொல்லிவிட்டு வீட்டில் படுக்கவில்லை. மழை வரும் என்று தெரிந்தும் யார் போக விட்டது, யார் அனுமதி கொடுத்தது, யார் கண்காணிக்கவில்லை என்று கேட்டார்கள். விசாரணை நடந்தது. ஒரு கிழமைக்குள் கல்வி அமைச்சரும் சுற்றுலா அமைச்சரும் பதவி விலகினார்கள். கத்ரை நம்புவதும் கேள்வி கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இப்போது நம் பக்கம் திரும்புவோம். வலிக்கும். வலிக்கட்டும்.

2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாத காலத்தில் மக்களை ஏற்றிய படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் போனார்கள். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில், வெள்ளம் பாய்ந்த வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. அந்தப் பெற்றோரின் பொறுமைக்கு முன்னால் நான் தலை குனிகிறேன். நீரில் மூழ்கி மௌத்தானவர்களுக்கு ஷஹீதுடைய கூலி உண்டு என்ற நற்செய்தி அந்த உம்மாமாருக்கு ஆறுதல். அதைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்த நற்செய்தி பெற்றோருக்கு ஆறுதலாக வந்தது. பொறுப்பானவர்களுக்குப் போர்வையாக வரவில்லை. அந்த நாட்களில் நம் வட்ஸ்அப் குழுமங்களைத் திறந்து பாருங்கள். "யாரையும் குறை சொல்லாதீர்கள், எழுதியது நடந்தது, பேசினால் கத்ரை மறுப்பது ஆகும்" என்று எத்தனை பதிவு? பொலிஸும் நீதிமன்றமும் செய்வது அவர்களின் வேலை. ஊர் கேட்க வேண்டிய கேள்வியை ஊர் கேட்டதா? வெள்ளம் ஓடும் வீதியில் பிள்ளைகளை அனுப்பக் கூடாது என்று அதன் பிறகு எத்தனை பாடசாலை, எத்தனை மத்ரஸா, எத்தனை பள்ளிவாசல் எழுத்தில் ஒரு ஒழுங்கு வைத்தது? உங்கள் ஊரில் வைத்திருந்தால் கீழே எழுதுங்கள், சந்தோஷமாகப் பகிர்கிறேன்.

கத்ர் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வருபவர்களுக்கு ஒன்று. சாக்கடலுக்கு வடக்கே ஜோர்தான் பள்ளத்தாக்கில் அபூ உபைதா ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் அடக்கத்தலம் என்று கருதப்படும் இடம் இருக்கிறது. ஸியாரத்துக்குப் போகும் நம்மவர்கள் அங்கே இறங்கி ஸலாம் சொல்லிவிட்டுத்தான் வருகிறார்கள். அவர் அம்வாஸ் கொள்ளைநோயில் மௌத்தானவர். அந்த நோய் ஷாமில் பரவியபோது உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் அங்கே வந்துகொண்டிருந்தார்கள். ஸர்ஃ என்ற இடத்தில் செய்தி கிடைத்தது. தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள், திரும்பிப் போக முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்டவர் இதே அபூ உபைதாதான். அல்லாஹ்வின் ஒரு விதியில் இருந்து அவனுடைய இன்னொரு விதிக்குப் போகிறோம் என்ற கருத்தில் உமர் அவர்கள் பதில் சொன்னது ஹதீஸ் கிதாபுகளில் இருக்கிறது. நோய் இருக்கும் ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கே இருப்பவர் வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியும் அங்கேதான் எடுத்துச் சொல்லப்பட்டது.

கபுறடியில் நின்று போட்டோ எடுக்கத் தெரிந்த நமக்கு அந்தக் கேள்வியும் பதிலும் மட்டும் ஏன் ஞாபகத்துக்கு வருவதில்லை? வெள்ளத்தைப் பார்த்துத் திரும்புவதும் கத்ர்தான். பிள்ளையின் கையைப் பிடிப்பதும் கத்ர்தான். ஒட்டகத்தைக் கட்டுவதும் தவக்குலில் ஒரு பகுதிதான்.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை.

ஊருக்குள் சுற்றுலா ஒழுங்கு செய்யும் சங்கங்களே, கழகங்களே, சக ஆசிரியர்களே: பஸ் காசும் புரியாணி எண்ணிக்கையும் கணக்குப் பார்ப்பது போல, எத்தனை உயிர்காப்பு அங்கி, தண்ணீருக்குள் பிள்ளைகளைப் பார்க்க யார் யார், அன்றைய வானிலை என்ன என்பதையும் எழுதி வையுங்கள். எழுத முடியாவிட்டால் போக வேண்டாம்.

பெற்றோரே: பெருநாள் மறுநாள் பிள்ளை கடலுக்கோ ஆற்றுக்கோ போகிறான் என்றால் யாரோடு, எந்த இடத்துக்கு என்று கேளுங்கள். கேட்டால் கோபிப்பான். கோபித்தாலும் மஃரிபுக்கு வீடு வருவான். ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் நீச்சல் பழக்குங்கள். 2004 ஆழிப்பேரலையில் நம் கரையோரங்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாகப் போனதற்கு நீந்தத் தெரியாததும் ஒரு காரணம். மறைவான இடமும் பெண் பயிற்றுநரும் வேண்டுமென்றால் அதை ஒழுங்கு செய்வது ஊரின் வேலை. ஹோல் கட்டக் காசு சேர்க்கும் ஊருக்கு இது பெரிய வேலை இல்லை.

ஹஸரத்மாரே: உங்கள் மிம்பருக்கு இருக்கும் மதிப்பு எங்கள் கரும்பலகைக்கு இல்லை. வருடத்தில் ஒரே ஒரு குத்பாவை, மாரி மழை தொடங்கும் முன் ஐப்பசியில், இதற்காகத் தாருங்கள். தண்ணீரை வீணாக்குவதும், அடுத்தவன் பங்கை எடுப்பதும், உயிரை அலட்சியமாக விடுவதும் அமானிதத்தில் மோசடி என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

சாபம் என்று எழுதிய சகோதரர்களே: சாபத்தைப் பயப்படுங்கள், நானும் பயப்படுகிறேன். ஆனால் அந்தப் பயம் அடுத்தவனின் படத்துக்குக் கீழே எழுதத்தானா வர வேண்டும்? நம் வீட்டு மோட்டரைத் தட்டிவிட்டு டேங்க் வழிய வழியப் பேசிக்கொண்டிருக்கும்போதும் வர வேண்டும். கரையோர மணலில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணற்றுக்குள் உப்புத் தண்ணீர் ஏறும். இதுவும் ஆறாம் வகுப்புப் பாடம்தான். நாளைக்கு நம் கிணறு உவர்த்தால் அதற்கும் லூத் நபியின் சமூகத்தையா காரணம் காட்டுவோம்?

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். ஆதாரத்தோடு எழுதுங்கள். அந்தச் சகோதரரின் குடும்பத்தை இழுத்து எழுதும் கொமெண்டுகளை அழித்துவிடுவேன்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. அவர்களைப் பாதுகாக்கும் வேலையை நம் கைகளிலும் தந்திருக்கிறான் என்பதை நமக்கு ஞாபகப்படுத்துவானாக.

வஸ்ஸலாம்.